சாரல் பிடித்த பிஸ்டன்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். குரங்கைப் பார்ப்பார்கள். திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடையைப் பார்ப்பார்கள். டிராக்டரை யார் பார்ப்பார்கள்?

அடுத்த சீசனுக்குப் போகும்போது கொஞ்சம் பாருங்கள். தென்காசியிலிருந்து இலஞ்சி, செங்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலோரத்திலோ வீட்டு வாசலிலோ ஒரு பழைய டிராக்டர் நிற்கும். அதன் மூக்கின்மேல் சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் தலையில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பெயின்ட் டப்பாவாக இருக்கலாம், ஆயில் டப்பாவாக இருக்கலாம்.

திருஷ்டிக்கா என்றால், இல்லை. சாரலுக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில் மாதிரி நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் அந்த மதிலில் ஒரு சின்ன இடைவெளி. ஜூன் மாதம் கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் மிச்சம் மீதி அந்தச் சந்து வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. அதுதான் சாரல். நமக்கு அது சுகம். இரும்புக்கு அதுதான் எமன். கொட்டித் தீர்க்கிற மழையாவது விட்டுவிட்டு வெயிலடிக்கும். சாரல் அப்படியல்ல. நாளெல்லாம் பூப்பூவாகத் தூவி, எதையும் காயவிடாமல் ஈரத்திலேயே வைத்திருக்கும். துரு பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். இரண்டும் இங்கே இலவசம்.

டிராக்டரின் கதைக்கு வருவோம். மூன்று சிலிண்டர் என்ஜின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாமல் நிற்கும்போது அது எந்த நிலையில் நின்றாலும், பெரும்பாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்தபடிதான் இருக்கும். டப்பா வைக்க மறந்துவிட்டால், குழாயில் விழுகிற தண்ணீர் வளைந்து நெளிந்து இறங்கி அந்த வால்வு வழியாக உள்ளே போகும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. இரும்பு துருவாக மாறும்போது பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். தாளளவு இடைவெளியில் அது எங்கே போகும்? பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும். ஒரு சீசன் போதும். பிசான சாகுபடிக்குத் தொழி அடிக்க வேண்டும் என்று ஐப்பசியில் வந்து சாவியைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு நாலே வார்த்தையில் சொல்லிவிடுவார். "அண்ணாச்சி, என்ஜின் நல்லா பிடிச்சிட்டு."

பிடித்ததை எப்படி விடுவிப்பது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். ஆனால் அந்தப் பிஸ்டன் அந்த வயலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தெரியாமல் அதைத் தட்டி எடுப்பதில் சுவாரஸ்யமில்லை. அயர்லாந்தில் ஆரம்பித்து, இங்கிலாந்து, சென்னை என்று சுற்றி, கடைசியில் தென்காசிக்குப் பக்கத்து ஊரிலேயே வந்து நிற்கிற கதை அது.

ஹாரி பெர்குசன் என்று ஒருவர். 1884ல் வட அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து டிராக்டர், மாடு மாதிரி கலப்பையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டால் மாடு நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு அப்படியே பின்னால் மல்லாந்து ஓட்டுகிறவர்மேலேயே விழும். பெர்குசன் யோசித்தார். கலப்பையை ஏன் இழுக்க வேண்டும்? மூன்று இடத்தில் பிடித்து டிராக்டரின் முதுகிலேயே தொங்கவிட்டு, ஹைட்ராலிக்கில் ஏற்றி இறக்கினால் என்ன? இன்றைக்கு உலகத்தில் எந்த டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று முனைப் பிடிப்பு இருக்கும். பெர்குசனின் மூளைதான்.

1938ல் அவர் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டிடம் செய்து காட்டினார். ஃபோர்டுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தப் பத்திரம், கையெழுத்து, வக்கீல் எதுவும் கிடையாது. வெறும் கைகுலுக்கல்! அதை நம்பி லட்சக்கணக்கில் டிராக்டர்கள் தயாராயின. பெரியவர் ஃபோர்டு ஒதுங்கி, பேரன் பொறுப்புக்கு வந்ததும், 'எந்த ஒப்பந்தம்? எங்கே காகிதம்?' என்கிற கட்டம் வந்தது. பெர்குசன் கோர்ட்டுக்குப் போனார். 1952ல் 92.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமாதானமானார்.

இதற்கிடையில் 1946லிருந்து இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் அவருடைய சாம்பல் நிறக் குட்டி டிராக்டர் உருண்டு வர ஆரம்பித்திருந்தது. பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, தென் துருவத்துக்கு இந்த டிராக்டரில்தான் போனார். கதை இல்லை, நிஜம். சக்கரத்துக்கு மேல் சங்கிலிப் பட்டை மாட்டி ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4ம் தேதி துருவத்தைத் தொட்டார். தரை வழியாக அங்கே போய்ச் சேர்ந்த முதல் மோட்டார் வண்டிகள் நம் வயலில் ஓடுகிற ஜாதி.

பெர்குசனின் கம்பெனி 1953ல் மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது. பெயர் கொஞ்சம் நீளமாக இருந்ததால் பிற்பாடு மாஸி பெர்குசன் என்று சுருங்கியது. 1959ல் அது இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் இருந்த பெர்கின்ஸ் என்கிற டீசல் என்ஜின் கம்பெனியை வாங்கிப் போட்டது. இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932ல் ஆரம்பித்த கம்பெனி அது. அதுவரை டீசல் என்ஜின் என்றால் கப்பலிலும் மில்லிலும் மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் பூதம். அதைச் சின்னதாக்கி, வேகமாகச் சுற்றவைத்து வண்டியில் ஏற்றுவதுதான் பெர்கின்ஸின் ஆசை. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். அப்படி அமுக்க வேண்டுமென்றால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே காற்று நழுவக் கூடாது. ஆக, ரிங் இறுக்கமாக இருப்பதுதான் டீசலின் உயிர். சாரலில் அது செத்துப்போவதற்கும் அந்த இறுக்கம்தான் காரணம் என்பது வேறு விஷயம்.

இப்போது சென்னைக்கு வாருங்கள். மவுன்ட் ரோடில் சிம்ப்சன் கம்பெனி. 1840ல் தொடங்கியது. கவர்னருக்கும் ஜமீன்தாருக்கும் குதிரை வண்டி செய்துகொடுத்தவர்கள். 1903ல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் காரையே செய்துவிட்டார். வெள்ளைக்காரர்களின் அந்தக் கம்பெனியில் 1930களில் ஒரு தமிழர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் அனந்தராமகிருஷ்ணன். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி.

ஆழ்வார்குறிச்சி தெரியுமில்லையா? தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழி. இன்றைக்குத் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் கடனாநதிக் கரையில் சிவசைலம் கோயில். சுவாமி சிவசைலநாதர், அம்பாள் பரமகல்யாணி. அனந்தராமகிருஷ்ணன் தன் மகனுக்கு வைத்த பெயர் சிவசைலம். ஆழ்வார்குறிச்சியில் உள்ள கல்லூரியின் பெயர் பரமகல்யாணி கல்லூரி. சென்னையில் எத்தனை பெரிய தொழிற்சாலை கட்டினாலும் மனசு எங்கே இருந்தது என்று புரிகிறதல்லவா?

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டுவதற்குள் அவர் சிம்ப்சனின் தலைமைக்கே வந்துவிட்டார். 1938ல் உருவான அமால்கமேஷன்ஸ் என்கிற தாய்க் கம்பெனியின் கீழ் ஒன்றொன்றாகச் சேர்ந்தன. அவை எந்த வரிசையில் வந்தன என்பதைப் பாருங்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான்.

1949ல் இந்தியா பிஸ்டன்ஸ். சென்னை செம்பியத்தில். காரும் இல்லை, லாரியும் இல்லை, டிராக்டரும் இல்லை; முதலில் பிஸ்டன்! அப்புறம் 1950களில் பெர்கின்ஸ் டிசைனில் டீசல் என்ஜின்கள். அப்புறம் 1960ல் டாஃபே. 1961ல் பேரிங் செய்ய பைமெட்டல் பேரிங்ஸ், கோயம்புத்தூரில். வீடு கட்டுகிறவன் முதலில் ஆணியும் கீலும் செய்யக் கற்றுக்கொண்டு, கடைசியில் கதவைச் செய்தது மாதிரி.

ஏன் இப்படி என்று கேட்டால், அன்றைக்கு நாடு இருந்த நிலைமையைப் பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்த புதிதில் காட்டையும் கோரையையும் திருத்தி நிலமாக்க, யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் விட்டுவிட்டுப் போன இயந்திரங்களை வைத்துக்கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு என்று ஒன்றை நடத்தினார்கள். 1949ல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த இரண்டாவது கடனே விவசாய இயந்திரம் வாங்கத்தான். ஒரு கோடி டாலர். இறக்குமதியான டிராக்டர்களோ ஆளுக்கு ஒரு ஜாதி. ஒன்றின் ரிங் இன்னொன்றுக்குச் சேராது. கப்பலில் வர வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். யோசித்துப் பாருங்கள். கடையத்துப் பக்கம் ஒரு மிராசுதாரின் வெளிநாட்டு டிராக்டரில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அதன் ஆயுசு அன்றைக்கே முடிந்த மாதிரிதான். கோழி முட்டையிட நல்ல இடம்.

இங்கேதான் அந்த 1959ம் வருஷம் வருகிறது. மாஸி பெர்குசன் பெர்கின்ஸை வாங்குகிறது. பெர்கின்ஸ் என்ஜினைச் சென்னையில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் ஆழ்வார்குறிச்சிக்காரர். அடுத்த வருஷமே மாஸி பெர்குசன் கூட்டுடன் செம்பியத்தில் டாஃபே. என்ஜின் பக்கத்துக் கொட்டகையில், பிஸ்டன் அதற்கடுத்த கொட்டகையில். முந்திக்கொண்டது ஐஷர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1959 ஏப்ரலிலேயே ஃபரிதாபாத்தில் ஒரு டிராக்டரை வெளியே விட்டுவிட்டார்கள். (அந்த ஐஷர் டிராக்டர் கம்பெனியையே 2005ல் டாஃபே வாங்கியது தனிக்கதை.) 1961-62ல் மொத்த இந்தியாவிலும் தயாரான டிராக்டர்கள் 880. இன்று வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம்.

அனந்தராமகிருஷ்ணன் 1964ல் காலமானார். மகன் சிவசைலம் பல வருஷம் நடத்தினார். அவரும் 2011ல் போய்விட்டார். இப்போது அவர் மகள் மல்லிகா சீனிவாசன் டாஃபேயின் தலைவர்.

போதும் பரம்பரை. பிஸ்டன் காத்துக்கொண்டிருக்கிறது.

நம் வயலோரத்தில் நிற்பது ஒரு பழைய மாஸி 1035 என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி: நிஜமாகவே என்ஜின்தான் பிடித்திருக்கிறதா? ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல், ஃப்ளைவீல் பல்லில் சிக்கிக்கொண்டாலும் இதே 'டொக்'தான். கியர் நியூட்ரலில் இல்லாவிட்டாலும் சுற்றாது. ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, முன்னால் உள்ள புல்லி நட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பார்க்க வேண்டும். மலை மாதிரி நின்றால், பிடித்துத்தான் இருக்கிறது.

அடுத்த கேள்வி: எப்படிப் பிடித்தது? ஓடும்போது தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் காய்ந்து பிடிப்பது ஒரு வகை. அதில் அலுமினியப் பிஸ்டன் உருகிச் சுவரில் அப்பியிருக்கும். தட்டி எடுத்தாலும் சுவரும் பிஸ்டனும் கீறலாகிப் போயிருக்கும்; பெரிய செலவு. நின்ற இடத்தில் துருவில் பிடிப்பது இன்னொரு வகை. தென்காசிப் பக்கத்தில் இதுதான். இதற்கு மருந்து உண்டு. மருந்தின் பெயர் பொறுமை.

பொறுமையில்லாதவர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி, கியரைப் போட்டு இழுப்பது. சில சமயம் விடும். பல சமயம் கனெக்டிங் ராடு வளையும், ரிங் உடையும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் இன்னும் மோசம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் ராடுதான் பலி.

அதனால் நல்ல மெக்கானிக் முதலில் நாசிலைக் கழற்றுவார். மூன்று சிலிண்டருக்கு மூன்று நாசில். அந்த ஓட்டை வழியாக உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். கீழே ஆயிலை வடித்துப் பார்ப்பார். பால் விட்ட காப்பி மாதிரி வந்தால் தண்ணீர் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஓட்டை வழியாக ஊற்றுவதுதான் மருந்து. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. பவர் ஸ்டியரிங் ஆயில் கலக்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் அந்த மாதிரி ஆயிலோடு அசிட்டோனைப் பாதிக்குப் பாதி சேர்க்கிறார்கள். பீடி பிடிக்கிறவர் பக்கத்தில் அது வேண்டாம். கோலா ஊற்றினால் துரு கரையும் என்று சத்தியம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது வாஸ்தவம். அதோடு சர்க்கரையும் தண்ணீரும் இருக்கிறதே! தண்ணீரால் வந்த வியாதிக்குத் தண்ணீரே மருந்தா?

எதை ஊற்றினாலும் அடிப்படை ஒன்றுதான். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, மெல்லிய திரவம் துருவின் இடுக்கில் ஊர்ந்து போக வேண்டும். ஒரு நாளில் நடக்காது. நாலு நாள், ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல். தினமும் காலையில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் நல்ல சகுனம். திரவம் ரிங்கைத் தாண்டி இறங்கியிருக்கிறது. கொஞ்சம் ஊற்றிவிட்டு, ஸ்பேனரால் முன்னே ஒரு அழுத்து, பின்னே ஒரு அழுத்து. ஒரே பக்கம் பலத்தைக் காட்டக் கூடாது. ஒரு நூலளவு அசைந்தால் போதும். அசைந்த இடத்தில் மருந்து நுழையும்; மருந்து நுழைந்தால் இன்னொரு நூல்.

அசையவே இல்லையென்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். இப்போது பிஸ்டன்களின் தலை தெரியும். எதைத் தட்டுவது? சைக்கிள் ஞாபகம் இருக்கிறதா? பெடல் சரியாக உச்சியில் இருக்கும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. பெடல் நடுவில் இருந்தால்தான் நகரும். பிஸ்டனும் அப்படியே. உச்சியில் நிற்கிறதைத் தட்டிப் பிரயோஜனமில்லை. ராடுக்கும் பேரிங்குக்கும்தான் அடி. மூன்று சிலிண்டரில் ஒரு சௌகரியம், ஒன்று உச்சியில் நின்றாலும் மற்ற இரண்டும் வழியில்தான் நிற்கும். அதில் ஒன்றின் தலையில் அளவாகச் செதுக்கிய மரக்கட்டையை வைத்து, மேலே சுத்தியலால் தட்ட வேண்டும். இரும்பை வைத்துத் தட்டினால் அலுமினியத் தலை நசுங்கும். தட்டுவதற்கு முன்னால், பிஸ்டனுக்கு மேலே சுவரில் தெரிகிற துருவை எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் போய் முட்டி உடையும்.

அதற்கும் மசியவில்லையா? அடியைத் திறந்து ராடுகளைக் கிராங்கிலிருந்து கழற்றிவிட்டு, எந்தப் பிஸ்டன் குற்றவாளி என்று தனியாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மாஸியில் லாரி மாதிரி சட்டம் கிடையாது. என்ஜினே வண்டியின் முதுகெலும்பு. அடியைக் கழற்றுவதென்றால் முட்டுக் கொடுத்து முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டி வரும். மேலேயிருந்து ஒரு வாரம் மருந்து ஊற்றுவதன் அருமை அப்போது தெரியும்.

விட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே சாவியைத் திருகக் கூடாது. புது ஆயில், புது ஃபில்டர். நாசில் இல்லாமலேயே சுற்றவிட்டு, உள்ளே நிற்கிற எண்ணெயை எல்லாம் அந்த ஓட்டை வழியாகத் துப்பவைக்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பீச்சாங்குழல் மாதிரி அடிக்கும். பிறகு நாசிலை மாட்டி, டீசல் லைனில் ஏர் எடுத்து, ஸ்டார்ட். அப்போதும் ஒரு ஆள் கையில் பலகையோடு காற்று போகிற வாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டீசல் என்ஜினுக்கு உள்ளே மிச்சம் இருக்கிற எண்ணெயும் சாப்பாடுதான். அதைத் தின்று தறிகெட்டு ஓட ஆரம்பித்தால், சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

முதலில் வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பும். ஊரே எட்டிப் பார்க்கும். என்ஜின் சூடேறச் சூடேற வெள்ளை குறையும். நீலம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு ரிங் உடைந்திருக்கிறது அல்லது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்டைத் திரும்பத் திறந்து மாற்ற வேண்டும். 1950ல் என்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது தென்காசிக்கு ஒரு நடை போய்வந்தால் கிடைத்துவிடும்.